மாற்றியும் தீராத பழுது

1983 டிசம்பர் 14 அன்று அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை அதன் உரிமையாளரிடம் வழங்கியதில் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளிவந்த மாருதி 800, இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்குக் காரைக் கைக்கெட்டும் பொருளாக்கியது என்பது பலரும் அறிந்த வரலாறு. அந்த வண்டிகளின் இன்றைய நிலையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே பத்து வயது கடந்துவிட்டது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் சிறு நகரத்து வீட்டு வாசல்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இவற்றைப் பல வேளைகளில் காயலாங்கடைக்கு அனுப்புவது எஞ்சின் தேய்வு அன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஒரே பழுதும், ஒவ்வொரு முறையும் அதற்குச் செலவழித்த உரிமையாளர் அடையும் சலிப்புமே.

மாருதி 800இன் அமைப்பு எளிமையானது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின், முன்சக்கரங்களைச் சுழற்றும் கியர்பெட்டி, முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்முமாக அமைந்த பிரேக், ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, ஏறத்தாழ 650 கிலோ எடை என்ற அளவில் வண்டி முடிந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டி கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தபோது ஒரு சிறு கணினியும் சில சென்சார்களும் சேர்ந்தனவே தவிர, பெரும்பகுதி கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரால் அளந்தும் அறியக்கூடியதாகவே இருந்தது. இங்குக் கூறப்படுவனவற்றுள் பெரும்பாலானவை அதே காலத்து ஜென், ஆல்ட்டோ, சான்ட்ரோ போன்ற சிறு கார்களுக்கும் பொருந்தும். இத்தகைய வண்டிகளில் முதலில் முதுமையடைவது இரும்பன்று. இறுகி வெடிக்கும் ரப்பர் குழாய்களும், பச்சை பூத்த செம்பு இணைப்புகளும், வெப்பத்தில் நொறுங்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டுகளும், வழிகளை அடைக்கும் படிவுகளுமே அதற்கு முன் முதுமையடைகின்றன. இவற்றில் எதுவும் விலை மிகுந்த பாகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாகம் கெட்டுப்போவது ஒன்று, அதைக் கெடுக்கும் காரணம் வேறொன்று. பட்டறைகளில் டேப்பட் கவர் பேக்கிங் எனப்படும், எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் பட்டையை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சினின் மேலெல்லாம் ஆயில் வழிந்தால் பேக்கிங்கை மாற்றுகிறார்கள்; சில மாதங்களில் மீண்டும் வழிகிறது; மட்டமான பேக்கிங் என்று கருதி வேறொன்று வாங்கிப் போடுகிறார்கள்; அதுவும் கசிகிறது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்கும் வாயுவை மீண்டும் காற்று உள்ளே போகும் வழிக்கே திருப்பி அனுப்புவதற்குப் பி.சி.வி. வால்வு என்றொரு விரல் நீளப் பாகம் உண்டு. அதுவோ அதன் குழாயோ கரிப்பிசின் படிந்து அடைபட்டால், வெளியேற வழியற்ற வாயு உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, எந்த இடம் இளகியிருக்கிறதோ அந்த இடத்தின் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே ‘கடகட’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரால் கழுவி மாட்டியபின் போடப்படும் அதே பேக்கிங் பல ஆண்டுகள் தாங்குகிறது.

காரணத்தைத் தேடாமல் பாகத்தையே மாற்றுவதற்கு மெக்கானிக்குகளின் திறமைக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று. நம் பட்டறைகளில் பில் என்பது பாகத்தின் விலையும் அதை மாட்டிய கூலியும் சேர்ந்த தொகை. அரை நாள் வண்டியடியில் கிடந்து காரணத்தைத் தேடியதற்கெனத் தனிக் கூலி கேட்கும் வழக்கமும் இல்லை, கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய பாகத்தை மாற்றிப் பார்ப்பதே பட்டறைக்குக் கட்டுப்படியாகும் முறையாகி, அந்தச் சோதனையின் செலவு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழுகிறது. பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பே, காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு தொகையைப் பேசி, அதை மனமுவந்து கொடுத்துவிடுவது பழைய கார் வைத்திருப்போர் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான செலவு. அனுபவமுள்ள மெக்கானிக்கோ ஆட்டோ எலக்ட்ரீஷியனோ ஒரு மணி நேரம் நிதானமாகப் பார்த்தால் தவிர்க்கப்படும் வீண்செலவு அக்கூலியைப் போலப் பல மடங்கு.

அந்த ஒரு மணி நேரத்தைப் பயனுள்ளதாக்குவது உரிமையாளர் தரும் தகவல். ‘வண்டி நின்று நின்று போகிறது’ என்ற புகாரிலிருந்து எதையும் பிரித்தறிய முடியாது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் நேர்கிறதா, அரை மணி நேரம் ஓடிச் சூடேறியபின் நேர்கிறதா, மழை நாளில் மட்டுமா, ஏ.சி. போட்டால் மட்டுமா, டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போதா, சிக்னலில் நிற்கும்போதா என்ற விவரங்களை அவ்வப்போது ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், பாதிக் காரணங்கள் தாமாகவே விலகிவிடும். சூடேறியதும் நின்று, சற்று ஆறியதும் ஒன்றுமே நடவாதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டியில், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலையோ அதை இயக்கும் மின்னணுப் பெட்டியையோ முதலில் சந்தேகிக்கலாம். ஆனால் அது உறுதியாவது வண்டி நின்றுபோன அந்த நிமிடத்தில் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும்போதுதான். ஆறிய வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வருவதால் பயனில்லை.

பழைய சிறு கார்களில் மிகுதியாகப் பணத்தை விழுங்குவது, சாவியைத் திருப்பினால் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்ற புகார்தான். செல்ஃப் என்பது எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். இப்புகாருக்கு வழக்கமாக முதலில் பேட்டரியும், அடுத்து செல்ஃப் மோட்டாரும், பிறகு பட்டறை வழக்கில் டைனமோ எனப்படும், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்ட்டர்நேட்டரும் வரிசையாக மாற்றப்படுகின்றன. மூன்று அளவுகளை எடுத்தால் இவற்றில் எது நிரபராதி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.0 என்று காட்டினால் அது பெரும்பாலும் வடிந்துவிட்டது. சாவியைத் திருப்பிச் செல்ஃப் சுழலும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் டைனமோவில் குறையில்லை.

இம்மூன்றும் சரியாக இருந்தும் செல்ஃப் திணறினால், பலரும் அளக்காத ஓரிடத்தை அளக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வண்டியின் உடலுக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் தடித்த கம்பி, எர்த் எனப்படுகிறது. செல்ஃப் சுழலும்போது இதன் வழியே ஏறத்தாழ 100 ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. இணைப்பில் துருவோ பெயின்ட்டோ சேர்ந்து ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கினாலும், 100 ஆம்பியருக்கு அங்கேயே ஒரு முழு வோல்ட் வீணாகிவிடும். சாதாரண முறையில் கம்பியின் தடையை அளந்தால் மல்டிமீட்டர் ‘நன்றாக இருக்கிறது’ என்றே காட்டும், ஏனெனில் அவ்வளவு சிறிய தடையைப் பிரித்துக்காட்ட அதனால் இயலாது. அதற்குப் பதிலாக மீட்டரை வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மீதே அழுத்தியும் பிடித்துக்கொண்டு, வேறொருவர் சாவியைத் திருப்பும்போது பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் குறையில்லை, 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பே குற்றவாளி. போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் பூசுவதே அதற்குரிய வைத்தியம். எர்த் சரியில்லாத வண்டியில் செல்ஃப் மட்டுமன்றி விளக்கு மங்குதல், வெப்பமானி தவறாகக் காட்டுதல், கணினியில் காரணமற்ற பிழைகள் எனத் தொடர்பற்றவை போலத் தோன்றும் பல பழுதுகளும் சேர்ந்தே வரும் என்பதால், வயதான எந்த வண்டியிலும் மற்ற எதையும் தொடுவதற்கு முன் எர்த்தைச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒருமுறை ஒலித்துவிட்டு நின்றுவிடும் வண்டி வேறு வகை. செல்ஃப் மோட்டாரின் பல்லை எஞ்சினின் பற்சக்கரத்தோடு கோத்துவிடும் சொலினாய்டு என்ற மின்காந்தத்துக்குரிய மின்சாரம் சாவித்துளையிலுள்ள சுவிட்ச் வழியாகவே செல்கிறது. இருபதாண்டு தேய்ந்த சுவிட்ச் அதைத் தாங்காமல் மின்னழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. சொலினாய்டின் சிறிய கம்பி முனையில் சாவி திருப்பும்போது வரும் வோல்ட்டை அளந்து, அது பேட்டரியின் அளவைவிட மிகவும் குறைந்திருந்தால், இடையில் ஒரு ரிலே பொருத்தலாம். சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவியே ரிலே. அதைப் பொருத்தியபின் சுவிட்ச் சிறு வேலையை மட்டும் செய்ய, பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே நேராகச் சொலினாய்டுக்குப் போகும். முன்விளக்கு மங்கும் வண்டிகளுக்கும் இதே தீர்வு பொருந்தும்.

இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி வடிந்துவிடுகிறது என்றால், எங்கோ மின்சாரம் களவு போகிறது. எல்லாம் அணைக்கப்பட்ட காரில் 50 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகவே மின்சாரம் செலவாக வேண்டும். அது அரை ஆம்பியர் அளவுக்கு ஏறினால், 35 ஆம்பியர் மணிக் கொள்ளளவுள்ள சிறு பேட்டரி 70 மணி நேரத்தில், அதாவது மூன்று நாளுக்குள், முற்றிலும் வற்றிவிடும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி அதற்கும் பேட்டரிக்கும் இடையே தொடராக இணைத்து, கதவுகளை மூடிச் சில நிமிடம் காத்திருந்தபின் அளவைப் பார்க்க வேண்டும். மீட்டர் இந்நிலையில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிந்துவிடும். அளவு மிகுதியாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சரிகிறதோ அந்தச் சுற்றில் தேட வேண்டும். பிற்காலத்தில் கடையில் பொருத்தப்பட்ட ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், திருட்டு எச்சரிக்கை மணி ஆகியவையே பெரும்பாலும் சிக்குகின்றன. எல்லா ஃபியூஸ்களையும் பிடுங்கியும் அளவு குறையாவிட்டால் அடுத்து டைனமோவைப் பார்க்க வேண்டும். அதன் தடித்த கம்பி உட்புற ஃபியூஸ் பெட்டிக்குள் போகாமலே பேட்டரியைச் சேர்வதால், அதனுள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகளில் ஒன்று கெட்டாலும், ஃபியூஸ் சோதனையில் அது அகப்படாது. புதிய பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வடியும் வண்டிகளில் பலரும் மறந்துவிடும் இடம் இது.

மின்சாரத்துக்கு அடுத்து வண்டியைக் கொல்லும் பழுது, எஞ்சின் சூடேறுவது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு செய்தி போதும்: ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று, அழுத்தத்தைக் காக்கும் வால்வு. சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், மூடியின் சுருள்வில் கூடுதலாக ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும்போது 118 டிகிரியை நெருங்கியே கொதிக்கும். வில் தளர்ந்த அல்லது ரப்பர் வளையம் வெடித்த மூடியுள்ள வண்டியில் நீர் முன்னதாகவே கொதித்து வெளியேறிவிட, உரிமையாளர் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார், பட்டறையோ ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும். சூடான எஞ்சினில் இம்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்திலேயே நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

எப்போது சூடேறுகிறது என்பதே இங்கும் முதல் தடயம். நகர நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, வேகமாக ஓடினால் இறங்கினால், ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள மின்விசிறி வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். விசிறியை இயக்கும் வெப்ப சுவிட்சின் இரு கம்பிகளையும் இணைத்துப் பார்க்கும்போது விசிறி சுற்றினால், மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேட வேண்டும். இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிடைக்கும் உப்புச்செறிந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டர்களில், வீட்டுப் பாத்திரங்களில் படியும் அதே வெள்ளைப் படிவு உள்ளே தடித்துக் கிடப்பது இயல்பு. வாலை வடிநீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினால் இப்படிவு வராது. கூலன்ட்டிலுள்ள துருத்தடுப்பு மருந்து தண்ணீர் பம்ப்பின் ஆயுளையும் நீட்டிக்கும்.

சூடேறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம், இன்றும் ஒழியாத தவறு. குளிர்ந்த எஞ்சினில் மூடியிருந்து, நீர் 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் இந்த மெழுகு வால்வு இல்லாவிட்டால், எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமலே ஓடி, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். ஆயிலில் நீராவி தங்கிச் சிலிண்டரும் விரைவில் தேயும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கணினி எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கருதிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்து நீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பிலேற்றினால், நீர் கொதிப்பதற்கு முன்பே அது வாய் திறக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் கிழிந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குள் இடைவிடாமல் குமிழிகள் எழுகின்றனவா என்று பார்ப்பதும், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போன்ற படிவு உள்ளதா என்று பார்ப்பதும் முதற்கட்டச் சோதனைகள்; எனினும் தினமும் இரண்டொரு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் தங்கியும் அப்படிவு சிறிதளவு உண்டாகலாம் என்பதால், அதை மட்டும் நம்பி எஞ்சினைத் திறந்துவிடக் கூடாது. கேஸ்கட் கிழிந்ததாகவே உறுதியானால், அலுமினியத் தலைப்பகுதி வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் அளந்து, தேவையானால் சமன்படுத்தியபின்பே புதியதைப் போட வேண்டும். இந்த ஒரு படியை மிச்சம் பிடிப்பதால்தான் ஒரே வண்டியின் ஹெட் ஆண்டுதோறும் இறக்கப்படுகிறது.

எஞ்சின் குலுங்கி ஓடுவதைப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். மூன்று சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாவிட்டால் இந்தச் சிறு எஞ்சினில் அது உடனே உறைக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டரே முடங்கியது. அதன் ஸ்பார்க் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்ற வேண்டும். குறை பிளக்கோடு இடம் மாறினால் பிளக்கே காரணம். மாறாவிட்டால் கேபிளையும், பிறகு இன்ஜெக்டரையும் அவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத இச்சோதனையைத் தவிர்த்து மூன்று பிளக்குகளையும் கேபிள்களையும் காயிலையும் மொத்தமாக மாற்றுவது மிகப் பரவலான வீண்செலவு. கழற்றிய பிளக்கின் முனையும் பேசும்: வெளிர் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும், உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், ஈரமான எண்ணெய்க் கரி சிலிண்டருக்குள் ஆயில் இறங்குவதையும், வெளுத்த முனை பெட்ரோல் போதாமல் எரிவதையும் காட்டும்.

எதை மாற்றியும் அச்சிலிண்டர் விழிக்காவிட்டால், காற்றை அமுக்கும் திறனை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குப் போக வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க, அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது, உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. முதலாவதற்குப் பெருஞ்செலவாகும், இரண்டாவது சில வேளைகளில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆகி நிற்கும்போது மட்டும் ஓட்டம் ஏறி இறங்கினால், இறுகி வெடித்த ஏதேனும் ஒரு வேக்குவம் குழாய் வழியே கணக்கில் வராத காற்று உட்புகுகிறது என்று கொள்ளலாம்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய இடர் சேர்ந்துள்ளது. 2023 முதல் நாட்டில் பரவலாக்கப்பட்ட, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களையும், எஞ்சினின் அசைவாலேயே இயங்கும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வையும் இளகச் செய்யக்கூடியது. ஈரத்தை ஈர்க்கும் இயல்பால், நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் டேங்கிலும் கார்புரேட்டரிலும் துருவை உண்டாக்கவல்லது. எத்தனாலில்லாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியது. எனவே மைலேஜ் அவ்வளவு குறைந்ததற்காகக் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைச் சில மீட்டர் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, ஆயில் குச்சியை உருவி மோந்து பார்க்கலாம். அதில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பம்ப்பின் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது, வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும்.

பழுதறியும் இன்னொரு கருவி எல்லோரிடமும் காகித வடிவில் கிடக்கிறது. புகைச் சோதனைச் சான்றில் அச்சாகும் இரு எண்களில், கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் எரிகிறது; ஹைட்ரோகார்பன் மட்டும் மிகுந்திருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, அதாவது எங்கோ மிஸ்ஸிங் இருக்கிறது. முந்தைய சான்றுகளோடு ஒப்பிட்டால் மாற்றம் எப்போது தொடங்கியது என்பதும் தெரியும். 2013க்குப் பிந்தைய கார்களில் ஓ.பி.டி. எனப்படும் பொதுவான சோதனைச் சாக்கெட் இருப்பதால், மலிவான ஒரு புளூடூத் கருவியைச் செருகிக் கைப்பேசியிலேயே பிழைக்குறியீடுகளைப் படிக்கலாம். குறியீடு காட்டுவது எந்தச் சுற்றில் குறை என்பதை மட்டுமே. ஆக்சிஜன் சென்சார் என்று வந்தவுடன் அந்தச் சென்சாரை வாங்கிவிடாமல், அதன் கம்பியையும் சாக்கெட்டையும் சைலன்சரின் ஓட்டையையும் முதலில் பார்ப்பது அறிவுடைமை.

எஞ்சினுக்கு வெளியே, வண்டியைத் திருப்பும்போது முன்சக்கரத்திலிருந்து ‘கடக் கடக்’ என்ற ஒலி வந்தால் ஆக்ஸிலின் மூட்டு தேய்ந்துவிட்டது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்த அன்றே மாற்றி கிரீஸ் வைத்திருந்தால் அச்செலவு நேர்ந்திராது. பிரேக்கில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் சிறு சிலிண்டர் கசிந்து பிரேக் லைனிங் நனைந்தால் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருவேற்றுவதால், இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றிவிட்டால் இச்சிலிண்டர்கள் எளிதில் கெடுவதில்லை.

பாகம் வாங்கவே வேண்டியிருந்தால், சென்னைப் புதுப்பேட்டை, தில்லி மாயாபுரி போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளை அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம் என்ற தெளிவு தேவை. கதவு, கண்ணாடி, முன்விளக்குக் கூடு, கியர்பெட்டி, டைனமோ உடல், கார்புரேட்டர் உடல் முதலிய உலோகமும் கண்ணாடியுமான பொருள்கள் பழையனவாயினும் பயன்படும். ரப்பர், சவ்வு, பிரேக் பாகம், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட், சென்சார் ஆகியவற்றைப் புதிதாகவும் நல்ல பெயருள்ள தயாரிப்பாகவும் வாங்குவதே முறை. டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் முழுதாக மாற்றுவதற்கு முன், உள்ளிருக்கும் கார்பன் பிரஷ்ஷையும் பேரிங்கையும் மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகள் இன்னும் பல ஊர்களில் உள்ளன. இந்தக் கைத்திறன் மறைந்துவிடாமல் இருப்பது பழைய வண்டி வைத்திருப்போர் அக்கடைகளைத் தேடிப் போவதைப் பொறுத்தது.

இவ்வளவு பொறுமையும் செலவும் தகுமா என்பதை முடிவு செய்வது எஞ்சின் அன்று, உடல். தனியார் கார்களுக்குப் பதினைந்தாண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இருபதாண்டைக் கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அப்பணத்தைக் கட்டுவதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, தரை விரிப்புக்கு அடியிலும், ஜாக்கி வைக்கும் விளிம்புகளிலும், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் மேடைகளிலும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் துரு படர்ந்திருந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, தேவையான இடத்தில் தகடு வெட்டிப் பற்றவைக்கலாம். சஸ்பென்ஷன் மேடையிலேயே முனை உள்ளே இறங்குமானால், அதன்மேல் பட்டி பூசி பெயின்ட் அடித்து மறைப்பது அவ்வண்டியில் செல்வோரின் உயிரோடு விளையாடுவதாகும். அத்தகைய வண்டியின் நல்ல எஞ்சினையும் கியர்பெட்டியையும் கழற்றி, உடல் உறுதியான இன்னொரு வண்டிக்குக் கொடுப்பதே தக்கது.